முதலில் விழுந்த வெள்ளை மாவு

மேல்வீட்டு வினிதா அக்காவின் மகள் ரஞ்சிதாவுக்குக் கோதுமை ஆகாது. சப்பாத்தி, பன், கடை பிஸ்கட் எது தின்றாலும் வயிறு உப்பிப் படுத்துவிடுவாள். மைதாவும் ரவையும்கூட ஆயுசுக்கும் கூடாது என்று பெங்களூர் டாக்டர் சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் அவளுக்கு அவ்வப்போது வலி வந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அவளுடைய பிறந்தநாள். வகுப்பில் கொடுக்கும் தின்பண்டத்தை இந்த வருஷமாவது தானும் தின்ன வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். அக்கா கம்பெனி ஷிப்டுக்குப் போகிறவள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் என்னிடம் பிஸ்கட் வேலை வந்தது.

முதலில் கேழ்வரகு மாவு மட்டும். குக்கரில் உப்பைப் பரப்பி, மேலே தட்டை வைத்துச் சுட்டேன். கையில் எடுத்ததும் விபூதி போல உதிர்ந்தது. சாமை மாவு சேர்த்தேன். ஓடு மாதிரி ஆனது. கோதுமையில் இருக்கிற ஏதோ ஒரு பிசின் இவற்றில் இல்லை என்பது மட்டும் புரிந்தது. கடைசியில் சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேகவைத்துப் பிசைந்து போட்டேன். ஒட்டிக்கொண்டது.

"ரூபாக்கா, இது நெஜ பிஸ்கட்டு!" என்று ரஞ்சிதா இன்னும் இன்னும் என்று வாங்கித் தின்றாள்.

மறுநாள் காலை வினிதா அக்கா படியிறங்கி வந்தாள். "புள்ள வயித்தப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கா. என்னத்தடி போட்ட?"

சொன்னேன்.

"ஒட்டணும்னு ஒரு கரண்டி மைதா போட்டியா? உண்மையச் சொல்லு, திட்டமாட்டேன்."

தலையை ஆட்டினேன். இல்லை என்றுதான் ஆட்டினேன். அவளுக்கு அது ஆமாம் என்று பட்டதோ என்னவோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டாள்.

நெய் டப்பாவை மோந்து பார்த்தேன். வெல்லத்தை உடைத்துப் பார்த்தேன். கிழங்கா? சாமையா? நினைவில்லாமல் நானே மைதாவைப் போட்டுவிட்டேனா? யோசிக்க யோசிக்க என் கையே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

புது மாவில் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று கேழ்வரகை எடுத்துக்கொண்டு பாகலூர் மாவு மில்லுக்குப் போனேன். எனக்கு முன்னால் ஜோதியம்மாள் கோதுமை அரைத்தாள். மில்லுக்கார முனிசாமி அண்ணன் மெஷினின் துணிக்குழாயை நாலு தட்டுத் தட்டி அவள் தூக்கை நிரப்பினார். பிறகு என் கேழ்வரகைக் கொட்டினார். என் தூக்கில் மாவு முதலில் வெள்ளையாக விழுந்து, பிறகு மெல்லப் பழுப்பாக மாறியது.

எப்போதும் அப்படித்தான் விழும். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஆனால் கேழ்வரகு எப்படி வெள்ளையாக இருக்கும்?

"அண்ணா, நிறுத்துங்க!"

மெஷின் நின்றது. வரிசை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

"இன்னாமா, கை கிய் மாட்டிக்கிச்சா?"

"வெள்ளையா விழுதே… அது?"

"முன்ன அரச்ச கோதும, உள்ள தங்கினது. எல்லாருக்கும் விழறதுதான். களி மெத்துனு வரும்னு ராகிக்காரங்க சந்தோசமா வாங்கிக்கினு போறாங்க. உனுக்கு மட்டும் கசக்குதா?"

"வேணாம்னா இங்க ஊத்து, என் கோதுமதான!" என்றாள் ஜோதியம்மாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று வினிதா அக்காவின் வாசலில் நின்று நானே பேசினேன். அவள் திட்டவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ நான் தெனமும் குடுத்த கேப்பைக் களி? அதுவும் அதே மில்லுதானே ரூபா. மருந்து சரியில்லன்னு டாக்டரையே மாத்துனேனே."

"இனி வீட்லயே அரைப்போம்க்கா" என்றேன்.

மறுநாள் கேழ்வரகையும் சாமையையும் கழுவிக் காயவைத்து அவள் மிக்ஸியில் அரைத்தோம். சலிக்கச் சல்லடையை எடுத்தவள் அப்படியே நின்றேன். அது கோதுமை மாவு சலித்த சல்லடை. பலகையில் சப்பாத்தி தேய்த்திருக்கிறோம். அடுக்களையில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்றே தெரியவில்லை. துவைத்த வெள்ளைத் துணியில் சலித்து, கழுவிய எவர்சில்வர் தட்டில் தட்டினோம். பிஸ்கட் நறநறவென்று வந்தது.

ரஞ்சிதா உடனே வாங்கவில்லை. "இது வலிக்குமாக்கா?"

"தெரியல."

பாதியைக் கடித்துத் தின்றாள். மீதியை என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "காலைல வலிக்கலன்னா இதத் தா."

வெள்ளிக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். படியில் சத்தம் கேட்டது. புது கவுனில் வந்து நின்று கையை நீட்டினாள்.

"என் பாதி எங்க?"