கண்ணாயி கைராசி

பொய் சொல்லிவிட்டு மலையேறுவது லேசுப்பட்ட காரியமா? மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே அபுதாஹிர் பாய்க்கு உடம்பெல்லாம் கூசியது.

சேந்தமங்கலத்துப் பக்கம் அவருக்கு ஒரு சேகோ மில். குச்சிக்கிழங்கு அரைத்து ஜவ்வரிசி எடுத்தபிறகு மிஞ்சுகிற தண்ணீர் ஊரையே நாறடித்துக்கொண்டிருந்தது. தொண்ணூற்றொன்பதில், கடற்கரையில் இறால் குஞ்சு வளர்க்கிற கம்பெனியிலிருந்து மாதேஸ்வரன் என்ற ஆபீசர் வந்தார். அந்தத் தண்ணீரைத் தெளியவைத்து, உப்புக் கலந்து, கடலிலிருந்து எடுத்த பாசிவிதையை ஊற்றினால் தொட்டி பச்சையாகுமாம். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாசிதான் இறால் குஞ்சுக்குத் தீனி.

"பிளீச்சிங் பவுடர் போடுறீங்களா? போட்டா பாசி செத்துரும்" என்று கேட்டார் ஆபீசர்.

"ஒரு சிட்டிகை கிடையாதுங்க" என்றார் பாய். வாய் கூசாமல் சொன்னார். ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று இருக்க மூட்டை மூட்டையாகப் போட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான். வெளியே தெரிந்தால் எவன் வாங்குவான்? பாசி எப்படியோ தாங்கிக்கொள்ளும் என்று நினைத்துவிட்டார், மகராசன்.

தொட்டியைப் பார்த்துக்கொள்ள மலைமேல் இருக்கிற குண்டனி நாட்டிலிருந்து கண்ணாயியை அழைத்து வந்ததும் அவரே. அவள் ஊரில் சாமை விதைக்கிற அன்று முதல் பிடி கண்ணாயி கையால்தான் விழ வேண்டும். அப்படி ஒரு கைராசிக்காரி. அவளும் வேளை தவறாமல் தொட்டியைக் கலக்கிவிட்டாள். மூன்று நாள் பச்சை கட்டும், மில்லிலிருந்து புதுத்தண்ணீர் விட்டதும் வெளுத்துவிடும். மூன்றாந்தடவையும் வெளுத்தபோது ஆபீசர் பாயை ஒரு மாதிரி பார்த்தார்.

"இவ கைபட்டா எதுவும் உருப்படாது போலிருக்குங்க" என்றார் பாய்.

கண்ணாயி பக்கத்தில்தான் நின்றாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அன்றைக்கே மலைக்குப் போய்விட்டாள்.

அந்தப் பேச்சு கிழங்கு லாரியில் அவளுக்கு முன்னாலேயே ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. ரெண்டு மாசம் கழித்து, கிழங்கு கொண்டுவந்த அவள் ஊர்க்காரன் ராசு சொன்னான்: "நாளைக்கு விதைப்புங்க. இந்த வருசம் பாவாயி கையாலதான். கண்ணாயி கை பச்சையக் கொல்லுதாமே."

பாய்க்கு அதன்பிறகு சோறு இறங்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

காட்டில் ஊரே கூடியிருந்தது. கண்ணாயி மட்டும் தள்ளி, வரப்பில், கைகளை முந்தானைக்குள் சுருட்டிவைத்துக்கொண்டு நின்றாள்.

"தப்பு என்னோடதுங்க" என்றார் பாய், எல்லார் காதிலும் விழும்படி. "மில்லுத் தண்ணியில பிளீச்சிங் பவுடர் இருந்துச்சு. நாந்தான் போட்டேன். பாசி அதுலதான் செத்துச்சு. என் பொய்ய மறைக்க இந்தம்மா மேல பழியப் போட்டுட்டேன். ஆபீசருகிட்டயும் சொல்லிடறேனுங்க."

"விதைச்சு முடிச்சாச்சுங்களே பாய்" என்றான் ராசு.

கண்ணாயி முந்தானையிலிருந்து கைகளை மெல்ல வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நெசந்தானுங்களா? எம் மகளுக்குப் புள்ள பொறந்து இருவது நாளாச்சுங்க. இன்னும் நான் கையில வாங்கலீங்க."