குருவம்மா என்று ஒரு பல்லவி

ஆசிப்பின் இரண்டு ஆல்பங்களுக்கும் அட்டை வடிவமைத்தவள் நான். முதல் அட்டை முழுக்கக் கறுப்பு. எழுத்து மட்டும் கந்தக மஞ்சள். இரண்டாவதில் தங்க ஃபாயில் அடித்து, அவன் முகத்தைப் பெரிதாகப் போட்டு, சினிமாப் பாட்டு சிடி மாதிரியே செய்தோம். அட்டையைப் பார்த்ததுமே பழைய ரசிகர்களில் பாதிப் பேர் அவனைக் கைகழுவினார்கள். உள்ளே இருந்ததைக் கேட்டு மீதிப் பேரும் போனார்கள். ஆனால் ஆசிப் செய்ததிலேயே துணிச்சலான காரியம் அந்த இரண்டாவது ஆல்பம்தான் என்று நான் இன்றும் சொல்லுவேன்.

ஆசிப்புக்கு விருதுநகர். வீட்டில் வத்தல் மண்டி. சிவகாசிக்குப் பாலிடெக்னிக் படிக்க வந்தவன், படிப்பு முடிந்தும் ஊர் திரும்பவில்லை. எங்கள் அச்சகத்துக்கு எதிர் மாடியில் காசிராஜன் என்ற நண்பனோடு அறை எடுத்துத் தங்கிவிட்டான். காசிராஜன் கம்ப்யூட்டரில் தாளம் செய்வான். ஆசிப் அதன்மேல் ராப் சொல்வான். 2004-ல் வந்த முதல் ஆல்பம் 'கந்தகம்' அந்த அறையில் உருவானதுதான். எங்கள் ஆப்செட் மெஷின் ஓடும் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டுபோய் காசிராஜன் அதையே ஒரு தாளமாக்கியிருந்தான். மெட்டு என்று எந்தப் பாட்டிலும் கிடையாது. மூச்சுவிடாமல் சொற்கள் வரும், அத்தனையும் கோபம். மதுரை, கோயம்புத்தூர் ஹாஸ்டல் பையன்கள் காப்பி போட்டுக் காப்பி போட்டுக் கேட்டார்கள். எங்களுக்கு ஆர்டர் தருபவர்கள் பெரும்பாலும் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள். அதனால் அப்பா ஒன்று மட்டும் சொன்னார்: அட்டையில் அச்சகத்தின் பேர் வேண்டாம்.

அந்த ஆல்பத்தில் ஒரு பாட்டு, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தைப் பற்றியது. வெடிமருந்து கலக்கும் அறையில் நான்கு பெண்கள் இறந்துபோனார்கள். அவர்களில் ஒருத்தி குருவம்மாள். அவள் தங்கை சுப்புத்தாயிடம் பேசித்தான் ஆசிப் பாட்டையே எழுதினான். அவளுக்குப் போட்டுக்காட்ட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஒரு சாயங்காலம் என்னையும் அழைத்துக்கொண்டு போனான். வேலை முடிந்து பட்டாசு ஆலைப் பெண்கள் ஊர் திரும்பும் வேனில் ஏறினோம்; சுப்புத்தாயும் அதில் இருந்தாள். டிரைவர் சிடியைப் போட்டார்.

பெண்கள் மரியாதையாகக் கேட்டார்கள். இரண்டாவது பாட்டிலேயே ஒருத்தி தூங்கிப்போனாள். அக்காவைப் பற்றிய பாட்டு முடியும்வரை சுப்புத்தாய் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் எங்கள் வயதுதான்.

"நல்லாருக்குண்ணே," என்றாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள், "யாரை வையுறீக?"

"முதலாளிமாரை. அதிகாரிகளை."

"நெசமாவா? ஒரு வார்த்தையைப் பிடிக்கங்குள்ள நாலு வார்த்தை ஓடிருதே. எனக்கு ஒண்ணும் வெளங்கல." கொஞ்சம் பொறுத்து, "இதுல எங்க அக்கா எங்கன வாரா?"

"முழுப் பாட்டும் அவகளைப் பத்தித்தான் சுப்பு."

"பேரு வரலையே."

டிரைவர் ரேடியோவுக்கு மாற்றினார். ஏதோ ஒரு காதல் பாட்டு வந்தது. தூங்கியவள் விழித்துக்கொண்டு பாடினாள். வேனே சேர்ந்து பாடியது. ஆசிப் ஜன்னல் பக்கம் திரும்பாமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்படுகிறானோ என்று நான் பயந்தேன். இறங்கும்போது அவன் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. ஒரு புது வேலை கிடைத்தவனின் பரபரப்பு.

அடுத்த ஆல்பத்துக்குச் சென்னையில் ஒரு கம்பெனி பணம் போட முன்வந்தது. ராப்பைக் கொஞ்சம் குறைத்து, மெட்டு, கிடார், பெண் குரல் எல்லாம் சேர்க்க வேண்டும் என்றார்கள். ஆசிப் பேரம் பேசாமல் சரி என்றான். காசிராஜனுக்குத் தாங்கவில்லை.

"ஏலே, நாம இங்கன ராப்பு பண்ணுதமா, கல்யாண வீட்டுக் கச்சேரி பண்ணுதமா?"

"கல்யாண வீட்லயும் பாடட்டுமே. அதுல என்ன கொறைச்சல்?"

"அப்ப என் தாளம் உனக்கு வேண்டாம்."

"வேணும்லே. கொஞ்சம் மெதுவா வேணும்."

காசிராஜன் அந்த வாரமே அறையைக் காலி செய்துவிட்டுக் காரியாபட்டியில் இருந்த அவன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். ஆசிப் தனியாக உட்கார்ந்து மெட்டுப் போடக் கற்றுக்கொண்டான். பாட வராத குரல் அவனுடையது. தினமும் பாடிப் பாடி அதை வழிக்குக் கொண்டுவந்தான். எதிர் மாடியிலிருந்து கேட்கும்போது எங்கள் மெஷின்காரர்கள் முதலில் சிரித்தார்கள். சில மாதங்களில் அவர்களே முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

அப்படி அவர்கள் முணுமுணுத்த மெட்டுதான் 'குருவம்மா' பாட்டின் பல்லவி. காதலியைக் கூப்பிடுவதுபோல அவ்வளவு இனிமையாக இருக்கும். 'குருவம்மா, முருகம்மா' என்று தொடங்கி, செத்துப்போன நான்கு பெண்களின் பேர் மட்டும்தான் அதில். ராப் சரணத்தில் வரும், நிதானமாக, ஒவ்வொரு சொல்லும் கேட்கிற மாதிரி. பாட்டை எழுதுவதற்கு முன் அவன் நால்வர் வீட்டுக்கும் போய் அனுமதி கேட்டிருந்தான். சுப்புத்தாய் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்: "சோகமா வேண்டாம்ணே. அவ எந்நேரமும் சிரிச்சுக்கிட்டு இருப்பா."

கம்பெனிக்கு மெட்டு பிடித்தது. பேர்கள் பிடிக்கவில்லை. ஆசிப் எங்கள் அச்சகத்தில் இருந்தபோதுதான் சென்னையிலிருந்து போன் வந்தது. நானும் கேட்க ஸ்பீக்கரில் போட்டான்.

"டியூன் அருமை தம்பி. ஆனா இந்தப் பேரெல்லாம் எஃப்எம்ல எடுபடாது. 'கண்ணம்மா, பொன்னம்மா'ன்னு மாத்திடுங்களேன். அளவு கரெக்டா உக்காருது பாருங்க."

"கிடார் போடச் சொன்னீக, போட்டேன். பளபளன்னு சட்டை மாட்டி ஆடச் சொன்னீக, ஆடுதேன். பேரை மட்டும் கேக்காதீக சார்."

"அப்போ ஆல்பம் நிக்கும்."

"நிக்கட்டும் சார்."

போனை வைத்தான். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். ஆல்பம் ஒரு மாதம் நின்றது. பிறகு அவர்களே கூப்பிட்டார்கள். ஆபீஸில் எல்லாரும், டீ கொண்டுவரும் அம்மா உட்பட, அந்தப் பேர்களோடுதான் பாட்டை முணுமுணுக்கிறார்களாம். இனிமேல் மாற்றினால் காதுக்கு ஒட்டாது என்றார்கள்.

2007 தீபாவளிக்கு ஆல்பம் வந்தது. ஆர்குட்டில் பழைய ரசிகர்கள் அவனைக் கிழித்தார்கள். விலைபோய்விட்டான், ஜிகினா ஒட்டிக்கொண்டான் என்று என்னென்னவோ. எல்லாவற்றையும் படித்தான்; யாருக்கும் பதில் எழுதவில்லை. மதுரை எஃப்எம் அந்தப் பாட்டைத் தினமும் போட்டது. காரியாபட்டி பஸ்ஸில் கல்லூரிப் பெண்கள் கூட்டமாகப் பாடியதைக் கேட்டுவிட்டு காசிராஜன் நேராக எதிர் மாடிக்கு வந்து நின்றான்.

"தாளம் மட்டமா இருக்குலே. எவன் போட்டான்?" என்றான்.

"நீ போடலல்ல," என்றான் ஆசிப்.

அதோடு சமாதானம் ஆகிவிட்டார்கள். 'கந்தகம்'தான் ஒசத்தி என்ற கட்சியை மட்டும் காசிராஜன் விடவே இல்லை.

பொங்கல் சமயம் சாத்தூரில் ஒரு திடலில் நிகழ்ச்சி. காசிராஜன்தான் தாளத்துக்கு. சுற்றுப்பட்டி ஊர்களிலிருந்து வேன் வேனாகப் பெண்கள் வந்திருந்தார்கள். மேடை ஓரத்தில் நான் நின்றேன். ஆசிப் பல்லவியைப் பாடி நிறுத்திய இடைவெளியில், கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்: "சங்கரேஸ்வரி."

சங்கரேஸ்வரி அவளுக்கு யார், எந்த விபத்தில் போனவள் என்று எங்களுக்குத் தெரியாது. ஆசிப் குரல் வந்த திசையைப் பார்த்தான். பிறகு அந்தப் பேரை அதே மெட்டில் பாடினான். கூட்டம் திருப்பிப் பாடியது. இன்னொரு பக்கமிருந்து "மாரியப்பன்" என்றார் ஒருவர். அதையும் பாடினான். பிறகு வெடிவிபத்துகளில் செத்துப்போனவர்களின் பேர்கள் வந்துகொண்டே இருந்தன, தாயில்பட்டிக்காரர்களிடமிருந்து, வேறு எந்தெந்த ஊர்களிலிருந்தோ. நேரமாகிவிட்டது என்று விழாக்காரர்கள் கையைக் காட்டினார்கள். காசிராஜன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தாளத்தை விடாமல் ஓட்டினான்.

முன்வரிசையில் ஓர் அம்மா எழுந்து, "சண்முகசுந்தரவடிவு" என்றார்.

அந்த நீளப் பேர் மெட்டில் உட்கார மறுத்தது. ஆசிப் பாதியில் தடுக்கி, "மன்னிக்கணும்மா, இன்னொரு தடவை," என்றான். மறுபடியும் தடுக்கியது. கூட்டம் சிரித்தது, அந்த அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "வடிவுன்னுதான்யா கூப்பிடுவோம், அதைப் பாடு போதும்," என்றார்.

"இல்லம்மா, முழுப் பேரையும் பாடிருதேன்," என்றான் ஆசிப். காசிராஜனைத் திரும்பிப் பார்த்தான். காசிராஜன் தாளத்தைக் கொஞ்சம் மெதுவாக்கினான். அந்தப் பேர் முழுதாக வந்து உட்கார்ந்தது.