மூன்று மைதீன்கள் எழுந்தார்கள்

1

இந்தக் கதை காதில் விழுந்தது. 1998-இல் பாளையங்கோட்டைக் கண் மருத்துவமனை ஒன்றில், கண்பாவை விரிய மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண் மங்கியிருந்ததால் முகங்கள் என் கற்பனை. பேச்சு அவர்களுடையது.

‘மேலப்பாளையத்து முஃபீதா கெட்டிக்காரி’ என்று எழுதத் தொடங்கி, அந்த வரியை அடித்துவிட்டேன். நான் சொல்லி யார் நம்புவது?

2

முஃபீதா எழுதிய புரோகிராமுக்கு அன்று வெள்ளோட்டம். ஒழுங்காக ஓடினால் அவளுக்கு அங்கேயே வேலை. நர்ஸ் கிரேஸ் ஒருவருக்கு மருந்து விட்டதும் கணினியில் அவர் பெயரைத் தட்டுவாள். மருந்து ஊற இருபது நிமிடம்; அது கழித்து அந்தப் பெயர் திரையில் வரவேண்டும்.

முதலில் பாக்கியவதி, எலிசபெத், ஆசியா உம்மாள். சற்றுப் பிந்தி முகம்மது மைதீன்கள் மூன்று பேர்.

நேரம் வந்ததும் திரையில் ‘முகம்மது மைதீன்’. ஒருவர் எழுந்து போனார். மறுபடி அதே பெயர். இன்னொருவர். மறுபடியும்.

“கம்ப்யூட்டர் பெட்டிக்கும் நம்ம ஊரு பேரு பழகிட்டு வே” என்றபடி மூன்றாமவர் எழுந்தார்.

(ஒரே பெயரில் மூவர் உட்கார்ந்திருக்காத வேறு ஊராக இருந்தால் இரண்டாம் அழைப்பிலேயே குட்டு உடைந்திருக்கும்.)

உள்ளேயிருந்து டாக்டர் சுந்தர்ராமனின் குரல்: “மருந்து விட்டியா, தண்ணிய விட்டியா கிரேஸ்? மூணு பேருக்கும் பாவை விரியவே இல்ல. இப்படி ஆள் எனக்கு வேண்டாம்.”

3

“எனக்குத்தான மொதல்ல விட்டாவ? கண்ணு கூசுது, பேரையே காணோம்” என்றாள் பாக்கியவதி.

முஃபீதாவுக்கு உடனே புரிந்தது. ‘இருபது நிமிடம் கழித்துப் பாக்கியவதியைக் கூப்பிடு’ என்று அவள் கணினிக்குச் சொல்லவில்லை. ‘இருபது நிமிடம் கழித்து, பெயர்க் கட்டத்தில் அப்போது இருப்பவரைக் கூப்பிடு’ என்று சொல்லியிருந்தாள். அதற்குள் கட்டத்தில் கடைசியாகத் தட்டிய மைதீன் வந்துவிட்டார். முதல் மூன்று பெண்களின் முறையில், மருந்து ஊறுமுன்பே மைதீன்கள் போய்விட்டார்கள். பின்னால் செய்யவேண்டிய வேலையை ஒப்படைக்கும்போதே பெயரையும் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். ஒரே வரி. திருத்திவிட்டாள்.

(நானும் பாத்திரங்களிடம் பின்னால் செய்யவேண்டியதை மட்டும் சொல்லி, யாருக்காக என்பதை— விடுங்கள்.)

4

இந்தக் கதையின் ஒரு பிரதியில் முஃபீதாவைப் பேசாமல் இருக்கவைத்தேன். தப்பு யாருடையது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்த கிரேஸ், “நீ ஏன் முழிக்கே? உன் பெட்டி நல்லாத்தான ஓடுது” என்றாள்.

அதற்குமேல் என் பிரதி நிற்கவில்லை. முஃபீதா கிரேஸின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

“சார், அக்கா சரியாத்தான் விட்டாவ. மருந்து ஊறுமுன்ன ஆள மாத்திக் கூப்பிட்டது என் புரோகிராம். தப்பு என்னுது.”

டாக்டர் சொன்ன பதில் எனக்குக் கேட்டது. எழுதமாட்டேன். எழுதினால் அதை வைத்து முஃபீதாவை எடைபோடுவீர்கள்.

அந்தப் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். யாருக்காக அவள் பேசினாளோ அந்தக் கிரேஸ் அங்கே நிற்கிறாள் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.