லைசன்ஸ்காரி தேநீர் குடித்த நேரம்

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி ஊரில் வில்ஃப் டிரூரி அளவுக்கு லைசன்ஸ்காரர்களை அடித்து நொறுக்கிய ஆள் கிடையாது. எல்லாம் வாயால்தான். வீட்டில் டிவி வைத்திருந்தால் வருடா வருடம் காசு கட்டி லைசன்ஸ் வாங்கவேண்டும் என்பது அங்கே சட்டம், வாங்காதவர்களைப் பிடிக்க வீடு வீடாக வருகிறவர்கள்தான் லைசன்ஸ்காரர்கள். கிளப்பில் இரண்டாவது கோப்பை பியர் இறங்கியதும் ஆரம்பிப்பார். டிவி லைசன்ஸ் கேட்டு வந்த ஒருவனைத் தோட்டக் குழாயால் பீய்ச்சி அடித்தே ஸ்கெக்னஸ் கடற்கரை வரை கொண்டுபோய் விட்டிருக்கிறார். இன்னொருவன் மூக்கைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கியதில் அவன் இன்றுவரை ரோஜாவை முகர்ந்தாலும் பெயின்ட் வாசனைதான் அடிக்கிறதாம். வீட்டுக்கு வீடு டிவி ஓடுகிறதா என்று கண்டுபிடிக்கும் மோப்ப வண்டி தெருவுக்குள் வந்த அன்று, அதன் கூரைக் கம்பியில் தன் ஈரக் கால்சட்டையைக் காயப்போட்டுவிட்டார். அதற்குப் பிறகு அந்த வண்டிக்கு டிரூரி வீட்டுக் கால்சட்டையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

"கதவைத் தட்டலாம், கெஞ்சலாம். நாம வாங்கன்னு சொல்லாம உள்ள கால் வைக்க முடியாதுடா. ரத்தக் காட்டேரிக்கும் லைசன்ஸ்காரனுக்கும் ஒரே சட்டம்," என்பார். "உங்க வீட்டுக்கு வந்தா என்னைக் கூப்பிடுங்க. நான் பார்த்துக்கறேன்."

புலிக்குப் பயந்தவனெல்லாம் என்மேல் வந்து படுத்துக்கொள் என்று சொன்ன ஆளின் நேர் வாரிசு.

உண்மை என்னவென்றால், வில்ஃப் ஏற்கெனவே லைசன்ஸ் இல்லாமல் மாட்டியவர். அபராதம் கட்டாமல் இழுத்தடித்து மறுபடி கோர்ட்டில் நின்றபோது, நீலத் தொப்பி போட்ட மாஜிஸ்திரேட் அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "மிஸ்டர் டிரூரி, அடுத்த தடவை இங்க வந்தீங்கன்னா ராத்திரிச் சாப்பாடு லிங்கன் ஜெயில்லதான்" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு அவருடைய முழங்கால்கள் அடித்துக்கொண்ட சத்தத்தில் பெஞ்சு கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். தெருவில் அது தெரிந்தவள் ஒருத்திதான். பக்கத்தில் அவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள் ஹேசல்.

மீன்பிடிக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர் வில்ஃப். ஐஸ்லாந்துக்காரன் வெளியூர்க் கப்பல் மீன் பிடிக்கக் கூடாது என்று தன் கடலைப் பூட்டிய பிறகு கப்பலும் போயிற்று, வேலையும் போயிற்று. மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். மிச்சமிருந்தது வாடகை டிவியும் ஹேசலும். டிவி முன்னால் அவர் உட்கார்ந்த இடத்தில் சோபா ஒரு குளமாகவே குழிந்துவிட்டது.

ஹேசலுக்குப் பதினெட்டு வயது முடிந்ததும் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அந்தத் தெருவிலிருந்து மீன் பதப்படுத்தும் ஆலைக்குப் போகாமல் வேறு எங்கேயோ போகிற முதல் பெண் அவள்தான். நேர்காணலில் தலைமை நர்ஸ் ஒன்றே ஒன்றுதான் அழுத்திச் சொல்லியிருந்தாள். "பயிற்சி ஆரம்பிக்கிறதுக்குள்ள கோர்ட்டு, கேஸுன்னு உன் பேர் எங்கயாவது அடிபட்டுச்சுன்னா இடம் போயிடும். காத்துக்கிட்டிருக்கறவங்க வரிசை ஹல் ஊர் வரைக்கும் நிக்குது."

அந்தப் பெண் புது வெள்ளைச் செருப்பை வாங்கி, பழகட்டும் என்று வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்தாள். கண்ணில் பட்டதற்கெல்லாம் கட்டுப் போட்டுப் பழகினாள். மேசைக்காலுக்கு, டீ கெட்டிலுக்கு, அப்பாவுக்கு.

சனிக்கிழமை மதியம். மழை கூரையைப் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. டிவியில் மல்யுத்தம். வில்ஃப் தலையில் ஹேசல் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இறுக்காதேம்மா, மூளை வெளிய வந்துடும்."

"வர்றதுக்கு அங்க ஒண்ணும் இல்லப்பா. ஆடாம இரு."

பக்கத்து வீட்டு எட்னா துடைப்பக் கட்டையால் சுவரை இடித்தாள். லைசன்ஸ் ஆள் தெருவில் இறங்கியாயிற்று என்று அர்த்தம். அந்தச் சத்தத்துக்குத் தெரு முழுக்கச் செத்துப்போகும். பேச்சு நிற்கும், குழந்தை அழுகை நிற்கும், நாய்கூடக் குரைப்பை விழுங்கிவிடும்.

குழாயும் இல்லை, கதவிடுக்கும் இல்லை. வில்ஃப் டிரூரி எழுந்த வேகத்தில் மாடிப்படிக்கு அடியிலிருந்த சின்னக் கதவைத் திறந்து உள்ளே புகுந்து சாத்திக்கொண்டார். துடைப்பம், கேஸ் மீட்டர், கிறிஸ்துமஸ் மரம், நடுவில் அவர்.

ஹேசல் டிவி சத்தத்தைக் குறைத்தாள். அணைக்கத்தான் கையை நீட்டினாள். அதற்குள் கதவு தட்டப்பட்டது. ஆண் குரல் இல்லை.

"யாராவது இருக்கீங்களா கண்ணு? தப்பா நினைச்சுக்காதீங்க. அவசரமா பாத்ரூம் போகணும். இடுப்பு வேற புடிச்சுக்கிச்சு, நிக்க முடியலை."

வில்ஃப் மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்த நூறு பாடத்தில் இது இல்லை. லைசன்ஸ்காரன் என்றால் ஆறடி உயரம், மீசை, தொப்பி. அறுபது வயதில், கண்ணிமை வரை நனைந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்ணை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. கதவைத் திறந்தவள் நர்ஸ் ஆகப் போகிறவள் வேறு.

"ஐயோ, உள்ள வாங்க, வாங்க. மாடியில இடது பக்கம்."

வாங்க என்று சொல்லியாயிற்று. வில்ஃபின் தலைக்கு மேல் ஒவ்வொரு படியாக அந்தக் கால்கள் ஏறின, கொஞ்ச நேரத்தில் இறங்கின. கடைசிப் படியில் நின்றன. முன்னறைக் கதவு திறந்திருந்தது. திரையில் இரண்டு குண்டு மனிதர்கள் சத்தமில்லாமல் ஒருவர்மேல் ஒருவர் உருண்டுகொண்டிருந்தார்கள்.

"அடடா கண்ணு," என்றாள் அந்தப் பெண். "அதை நீ அணைச்சு வெச்சிருக்கக் கூடாதா?" பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தாள். "மிசஸ் பாஸ்க். லைசன்ஸ் விஷயமாத்தான் வந்தேன். பாத்ரூம் நாடகம் இல்லம்மா, சத்தியமா. பத்துக் கதவு தட்டிட்டேன், தெருவே பிணமா கிடக்கு."

ஹேசலுக்கு முகம் வெளுத்தது. ஆனால் கொலைகாரனே வந்தாலும் தேநீர் கொடுத்துவிட்டுத்தான் கழுத்தை நீட்டுகிற ஊர் அது.

"டீ குடிக்கறீங்களா?"

"குடிக்கறேன். ரெண்டு சர்க்கரை."

கெட்டில் கொதித்தது. கோப்பை வந்தது. மிசஸ் பாஸ்க் சோபாவில் வில்ஃபின் குழியிலேயே உட்கார்ந்தாள்.

"வீட்டுக்குப் பெரியவங்க யாரு?"

"நான்தான்."

"அப்பா?"

"கடலுக்குப் போயிருக்கார்."

"எந்தக் கடலுக்கும்மா?" மிசஸ் பாஸ்க் சிரிக்கவில்லை. "என் வீட்டுக்காரரும் மீன்பிடிக் கப்பல்லதான் இருந்தார். இப்ப அது பழைய இரும்புக் கடையில கிடக்கு. லைசன்ஸ் அப்பா பேர்ல வாங்க வேண்டியதா இருந்தா அவர்தான் பதில் சொல்லணும். நீ சொன்னா உன் பேரைத்தான் எழுதுவேன். அப்புறம் நீதான் கோர்ட்டுக்குப் போகணும். புரியுதா?"

"புரியுது. ஆனா எனக்கு ஆஸ்பத்திரியில நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைச்சிருக்கு. கோர்ட்டுன்னா…"

அப்போதுதான் மிசஸ் பாஸ்க் அதைப் பார்த்தாள். சோபாவுக்கு அடியில் பாதி சுற்றிய கட்டுத்துணி உருண்டை கிடந்தது. அதிலிருந்து புறப்பட்ட வெள்ளை நாடா கம்பளத்தின் குறுக்கே போய், நடைக்கு வந்து, வளைந்து, மாடிப்படிக்கு அடியிலிருந்த சின்னக் கதவின் கீழே நுழைந்து மறைந்தது.

ஹேசலும் பார்த்தாள். இருவரும் கொஞ்ச நேரம் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மிசஸ் பாஸ்க் குரலை உயர்த்தினாள். ஹேசலைப் பார்த்துத்தான் பேசினாள், சொன்னது கதவுக்கு. "நான் ஒண்ணு பண்றேன் கண்ணு. இந்த டீயைக் குடிச்சு முடிக்கிற வரைக்கும் பேனாவை எடுக்க மாட்டேன். எனக்கு மெதுவாத்தான் குடிக்கப் பிடிக்கும். அதுக்குள்ள கடல்ல இருந்து யாராவது வந்தா, அவங்க பேரை எழுதிக்கறேன். உன்னை நான் பார்க்கவே இல்லை."

உள்ளே, இருட்டில், வில்ஃபுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. சுண்டுவிரலால் தள்ளினால் திறக்கும். வட கடலில், கப்பல் தலைகீழாகப் புரண்ட புயலில், ஒரு கையால் அடுப்பையும் மறு கையால் கேப்டனையும் பிடித்துக்கொண்டு இருபது பேருக்கு முட்டை பொரித்தவர் அவர். அப்படித்தான் சொல்லுவார். சுண்டுவிரல் அசையவில்லை.

வெளியே மிசஸ் பாஸ்க் உறிஞ்சினாள். இந்தா, அடுத்த வாய் குடிக்கும்போது வெளியே போய்விடலாம் என்று நினைத்தார். நீலத் தொப்பி கண்ணுக்கு முன்னால் வந்தது. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தது. அடுத்த உறிஞ்சலும் வந்தது. சரி, இதற்கு அடுத்தது. கோப்பை தட்டில் உட்காரும் சத்தம், எடுக்கும் சத்தம். கேஸ் மீட்டர் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கோப்பை ஹம்பர் ஆறு அளவுக்குப் பெரியதாகத்தான் இருக்கவேண்டும், அவ்வளவு நேரம் குடித்தாள். ஹேசல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசியிருந்தால், அப்பா என்று கூப்பிட்டிருந்தால், வந்திருப்பார் என்று பிற்பாடு தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டார்.

அவள் கூப்பிடவில்லை. அவர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவின் அடி இடுக்கில் வெளிச்சக் கோடு தெரிந்தது. அதில் கட்டுத்துணி படுத்திருந்தது. வில்ஃபுக்கு அது அப்போதுதான் கண்ணில் பட்டது. குனிந்தார். துணியை இரண்டு விரலால் பிடித்தார்.

முன்னறையில் இரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டே இருக்க, கம்பளத்தின் மேல் கிடந்த வெள்ளை நாடா மெல்ல நகர்ந்தது. உருண்டை சோபாவின் அடியிலிருந்து தாவி வெளியே வந்து, ஒரு சுற்று அவிழ்ந்து, இன்னொரு சுற்று அவிழ்ந்து, நடை வழியாகப் போய், கதவுக்கு அடியில் சிக்கி நின்று, ஒரு இழுப்பில் உள்ளே போய்விட்டது.

மிசஸ் பாஸ்க் கோப்பையைக் கவிழ்த்துக் கடைசித் துளியையும் குடித்தாள். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது. "முழுப் பேர் சொல்லும்மா," என்றாள். அவள் குரல்தான் கரகரத்தது. ஹேசலின் குரல் தெளிவாக இருந்தது. "ஹேசல் ஆன் டிரூரி." எழுத்து எழுத்தாகச் சொன்னாள். படித்துக் காட்டியதைக் கேட்டாள். கையெழுத்துப் போட்டாள். வாசல் வரை போய்க் குடையைப் பிரித்துக் கொடுத்தாள்.

வில்ஃப் வெளியே வந்தபோது கண் மட்டும் தெரிய, மீதியெல்லாம் துணியாக இருந்தார்.

"நான் வரணும்னுதான் பார்த்தேன். கதவு மாட்டிக்கிச்சும்மா."

"அந்தக் கதவு மாட்டாதுப்பா," என்றாள் ஹேசல். அவர் தலையிலிருந்து கட்டை அவிழ்த்து, சுருக்கம் இல்லாமல் சுற்றி, ஊசி குத்தி வைத்தாள். வலிக்கவே இல்லை. அவ்வளவு நல்ல கை.

அதற்குப் பிறகு வில்ஃப் கிளப்புக்குப் போகவில்லை. வேறொன்று செய்தார். தினமும் சொன்னார். "கோர்ட்ல நான் எழுந்து நிக்கறேன் பாரு. டிவி என்னோடது, பார்த்தது நான், இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடறேன். லிங்கன்ல என்னை வெச்சு அவங்கதான் கஷ்டப்படணும். ஒரு வாரத்துல ஜெயில் சமையலறையே என் கைக்கு வந்துடும்." ஒருநாள் ஹேசல், "நிஜமாவாப்பா?" என்றாள். அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அன்று இரவு அவள் வெள்ளைச் செருப்பை மறுபடி போட்டு நடக்கும் சத்தம் மாடியில் கேட்டது.

விசாரணை நாளில் வில்ஃப் கல்யாணக் கோட்டைப் போட்டார். பித்தான் பூட்டவில்லை, மூச்சை உள்ளே இழுத்துப் பூட்டினார். ஷூவைத் துடைத்த துடைப்பில் தெரு விளக்கே அதில் முகம் பார்த்திருக்கும். மகளும் அப்பாவும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். எட்னா ஜன்னலிலிருந்து கையாட்டினாள்.

"தலையைச் சீவினியாப்பா?"

"சீவினேன்மா."

பஸ் வந்தது. ஹேசல் முதலில் ஏறி, கையிலிருந்த சில்லறையை நீட்டி, "ரெண்டு பேர், டவுன்ஹால் சதுக்கம்," என்றாள்.

வில்ஃபின் ஒரு கால் படியில் இருந்தது. இன்னொரு கால் நடைபாதையில் இருந்தது. அந்தக் காலைத்தான் எடுக்கவேண்டும். எடுத்துக்கொண்டிருப்பதாகவே அவருக்குத் தோன்றியது.

"கூட்டமா இருக்கு போலிருக்கும்மா," என்றார். "நீ முன்னால போ. நான் அடுத்ததுல வந்துடறேன்."

பஸ்ஸில் ஏழெட்டுத் தலைகள்கூட இல்லை. ஓட்டுநர் வில்ஃபைப் பார்த்தார், பிறகு ஹேசலைப் பார்த்தார். "ரெண்டாவது ஆள் வர்றாராம்மா, இல்லையா?"

ஹேசல் திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. படியிலிருந்த அந்த ஷூவை மட்டும் பார்த்தாள். அது மெதுவாகப் பின்வாங்கி நடைபாதையில் இறங்கியது.

"ஒண்ணு போதும்," என்றாள்.