உட்கார்ந்த உயரத்தில் ஒரு வீடு

மழை விட்டிருந்த ஓர் ஐப்பசி மத்தியானத்தில் மின்கம்பத்திலிருந்து கால் வழுக்கி விழுந்த தீர்த்தகிரி அதற்குப் பிறகு எழுந்து நிற்கவே இல்லை. அப்போது அவருக்கு நாற்பத்தேழு வயது. லைன்மேன் வேலை போயிற்று, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் போயிற்று. அடுத்த ஆறு வருடம், தர்மபுரியில் ஒரு வாடகை வீட்டில், அவரைத் தூக்கிச் சுமந்தவள் மனைவி அமுதவல்லி. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கக்கூஸுக்கு, திரும்பவும் நாற்காலிக்கு. நல்ல ஆகிருதியான பெண். மாப்பிள்ளையைவிடப் பெண் இரண்டு விரக்கடை ஒசரம் என்று கல்யாணத்தில் சொந்தக்காரர்கள் கேலி செய்திருக்கிறார்கள். அந்த உயரமும் தெம்பும்தான் பிற்பாடு அவருக்கு உதவின.

வரவேண்டிய நஷ்டஈடு ஒருவழியாகக் கைக்கு வந்ததும் சொந்த வீட்டுப் பேச்சு எழுந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் குமார், அதியமான்கோட்டையில் ஒரு மாடி வீடு விலைக்கு வந்திருப்பதாகச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் காரில் அழைத்துப் போனான். வீடு நன்றாகத்தான் இருந்தது. பத்து வருடத்துக் கட்டடம், ஹைவேயில் பஸ் நிற்கிற இடம் கூப்பிடு தூரம். வாசலில் நாலு படி. குமாரும் புரோக்கர் முனியப்பனும் நாற்காலியோடு அவரைத் தூக்கிக் கூடத்தில் வைத்தார்கள்.

"படிக்குப் பக்கத்துல சாய்வா சிமெண்ட் போட்டுக்கலாம்பா. பாத்ரூம் கதவைக் கொஞ்சம் இடிச்சு அகலம் பண்ணிக்கலாம். ஒரு மாசத்து வேல" என்றான் குமார்.

அமுதவல்லி சமையலறைக்குள் போனாள். அங்கே தெருவைப் பார்த்த ஜன்னல் இருந்தது. எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி ஜன்னல் வழியாகவே, "வூடு பாக்க வந்தீங்களாக்கா?" என்று கேட்க, இரண்டு பேரும் அஞ்சு நிமிஷம் பேசிக்கொண்டிருந்தது தீர்த்தகிரியின் காதில் விழுந்தது. வெளியே வந்தவள் முகம் தெளிந்திருந்தது. "இதே இருக்கட்டுங்க. வேணுங்கறதை மாத்திக்கலாம்" என்றாள்.

பிறகு எல்லோரும் மாடி பார்க்க ஏறிப் போனார்கள். தீர்த்தகிரி கீழேயே உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே நடக்கிற சத்தம் கேட்டது. குமார் ஏதோ சொல்ல, மருமகள் பிரியதர்ஷினி சிரித்தாள். பாத்ரூமைப் பார்ப்போமே என்று அவராக நாற்காலியை உருட்டிக்கொண்டு போனபோது கதவு நிலையில் இரண்டு சக்கரமும் இறுக்கிக்கொண்டன. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. கூப்பிட்டார். மாடியில் யாருக்கும் கேட்கவில்லை. அரை மணி நேரம் கழித்து அவர்கள் இறங்கி வந்தபோது அவர் வேட்டி நனைந்திருந்தது. புரோக்கர் முனியப்பன் பார்க்காதவன் போல வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

காரில் திரும்பும்போது தீர்த்தகிரி சொன்னார். "அடுத்தவன் நடக்கறதுக்குக் கட்டுன வூடு எனக்கு வேணாம். எனக்குன்னு ஒண்ணு நானே கட்டிக்கறன்."

அமுதவல்லி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் அவருடைய நனைந்த வேட்டியைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மொரப்பூர்ப் பக்கம் அவர் பங்குக்கு வந்த மேட்டுக்காடு ஒன்று இருந்தது. அதில் அவர் வீடு கட்டினார். எஞ்சினீயர் யாரும் வைக்கவில்லை. சுண்ணாம்புக் கட்டியை ஒரு மூங்கில் குச்சியின் நுனியில் கட்டிக்கொண்டு, சமன்படுத்திய தரையில் நாற்காலியை உருட்டிப் பார்த்துப் பார்த்து அவரே கோடு போட்டார். நாற்காலி ஒரே வீச்சில் திரும்ப எவ்வளவு இடம் வேண்டுமோ அதுதான் அறை. கதவெல்லாம் பக்கவாட்டில் நகர்கிற கதவு. ஸ்விட்சுகள் முழங்கைக்கு எட்டும் இடத்தில். சமையலறை அரை வட்டம். நடுவில் நாற்காலி நின்றால் அடுப்பு, குழாய், பாத்திரம் எல்லாம் கைநீட்டும் தூரம். அடுப்பு மேடை இரண்டேகால் அடி, அதற்கடியில் முட்டி நுழைய வெற்றிடம்.

மேஸ்திரி சென்னப்பன் தலையைச் சொறிந்தான். "அண்ணே, ரெண்டேகால் அடின்னா சின்னப் புள்ளைங்க சொப்பு வெச்சு வெளையாடற ஒசரம். அக்கா எப்டி நின்னு சமைக்கும்?"

"அக்கா எதுக்குடா சமைக்கணும்? ஆறு வருசமா அவ பட்டது போதும். இனிமே நான் சமைச்சுப் போடறன், அவ உக்காந்து சாப்பிடட்டும்."

சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அது பொய் இல்லை. அந்த வீட்டின் ஒவ்வொரு செங்கல்லையும் அவளுக்கு விடுதலை என்று நினைத்துத்தான் அவர் வைத்தார். ஆனால் அவளைக் கூப்பிட்டு, உனக்கு எப்படி வேண்டும் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

நிலை வைக்கிற அன்றைக்கு ஒரு சின்னத் தகராறு வந்தது. சக்கரம் தடுக்கும் என்று வாசல்படியே வேண்டாம் என்றுவிட்டார். "படியில்லாம வூடா? வெள்ளிக்கெழம மஞ்சள் எங்க பூசறது?" என்று அமுதவல்லி கேட்டாள். "தரையில பூசு" என்றார். குடிபோன முதல் வெள்ளிக்கிழமை அவள் தரையிலேயே ஒரு கோடாக மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். பத்து நிமிஷத்தில் சக்கரம் அதன்மேல் ஏறி, கூடம் முழுக்க மஞ்சளும் சிவப்புமாக இரண்டு தடம் போட்டது. அவள் ஈரத்துணி கொண்டுவந்து துடைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை பூசவில்லை.

தீர்த்தகிரிக்கோ மறுபிறவி எடுத்தது போல இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே கட்டிலிலிருந்து இறங்கினார், தானே குளித்தார். காலையில் காப்பி போட்டு அவளுக்கு நீட்டினார். மூன்று நாலு மாதம் ஆசையாகச் சமைத்தார். அப்புறம் புதுசு பழசாயிற்று. காப்பியும் ரசமும் அவர் வைப்பார். களி கிண்டுவது, மாவு ஆட்டுவது, பாத்திரம் கழுவுவது, சொந்தக்காரர்கள் வந்தால் ஆக்கிப்போடுவது எல்லாம் பழையபடி அவளிடம் வந்து சேர்ந்தன. அந்த மேடைக்கு முன்னால் அவள் கூனிக்கொண்டு நின்றாள். களி கிண்டும்போது இரண்டாக மடங்கி நின்றாள். வேலை முடிந்து நிமிர்கையில் ஒரு கை இடுப்புக்குப் போகும்.

"ஒரு சேர் போட்டு உக்காந்துட்டுச் செய்யேன்" என்றார் ஒருநாள்.

"நானும் உக்காந்துட்டா இந்த வூட்ல யாருதாங்க நிக்கறது?" என்றாள். அவர் அதை விளையாட்டுப் பேச்சென்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

இரண்டாம் வருடம், யூட்யூப் சேனல் நடத்தும் ஜெயபிரியா என்ற பெண் கேமராவோடு வந்தாள். மாற்றுத்திறனாளி ஒருவர் தனக்குத் தானே கட்டிக்கொண்ட வீடு என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறாள். தீர்த்தகிரி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஒவ்வொரு அறையாக உருட்டிப் போய்க் காட்டினார்.

"இந்த வூட்ல எனக்கு எதுக்கும் யாரும் வேணாம்மா. ஒரு ஆளை நம்பி நான் இல்ல. நாளைக்கே தனியா விட்டாலும் ராஜா மாதிரி இருப்பன்."

அமுதவல்லி அந்தப் பெண்ணுக்கு மோர் கொண்டுவந்து அங்கேதான் நின்றிருந்தாள். டம்ளரை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள். அந்த வீடியோவை ஊரெல்லாம் பார்த்தது. பக்கத்துக் காட்டுச் சென்னம்மாள்கூடத் தன் பேத்தியின் போனில் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

ஒரு மாதம் போயிருக்கும். குமார் போன் செய்தான். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகிறது, பிரியதர்ஷினி வேலைக்குத் திரும்ப வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் சரியாக அமையவில்லை. "அம்மாவைக் கொஞ்ச நாள் அனுப்புங்கப்பா. நீங்கதான் எல்லாம் தனியாவே பாத்துக்கறீங்களே. வீடியோ பாத்தனே, பெருமையா இருந்துச்சு."

தீர்த்தகிரியால் என்ன சொல்ல முடியும்? அவர் வாயால் சொன்னதைத்தான் மகன் திருப்பிச் சொல்கிறான். அமுதவல்லியைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்பாள் என்று காத்திருந்தார். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"போய்ட்டு வரட்டுங்களா?" என்றாள்.

"போய்ட்டு வா. ஆறு மாசந்தானே."

ஆறு மாதம் ஒரு வருடமாயிற்று, ஒன்றரை ஆயிற்று. நடுவில் இரண்டு தரம் வந்து இரண்டு இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். அவர் ராஜா மாதிரிதான் இருந்தார். எதற்கும் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ரயில் போகிற சத்தம் தவிர அந்த மேட்டுக்காட்டில் பேச்சுக்குரல் கிடையாது. சாதத்தை வடித்துவிட்டு, ஒரு ஆளுக்கு எதற்குக் குழம்பு என்று மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

ஒருநாள் வீடியோ காலில், பெங்களூரில் எட்டாவது மாடியில் இருந்த குமார் வீட்டுச் சமையலறையில் அவள் வேலை செய்துகொண்டே பேசினாள். போனை எங்கோ சாய்த்து வைத்திருந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் கரண்டி. நேராக நின்றிருந்தாள். இவ்வளவு உயரமா இவள் என்று தீர்த்தகிரிக்குத் தோன்றியது. பல வருடமாகப் பார்க்காத ஒன்றைப் பார்ப்பது போல இருந்தது.

"முதுகு வலி எப்டி இருக்குது?"

"அது இங்க வந்து ரெண்டே மாசத்துல போயிடுச்சுங்க" என்றாள் சாதாரணமாக.

போனை வைத்துவிட்டு வெகுநேரம் அடுப்பு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் சென்னப்பனை வரச் சொன்னார்.

"இடிச்சுட்டு மூணு அடிக்குத் தூக்கிக் கட்டு. குழாயும் மேல போவட்டும்."

"நீங்க எப்டிண்ணே சமைப்பீங்க? கை எட்டாதே. வேற பக்கம் ஒரு மேடை போட்டுக்கலாமா?"

"அரை வட்டத்துல ஏதுடா வேற பக்கம்? சொன்னதைச் செய்யி."

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் அமுதவல்லி வந்தாள். பையை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனாள். தீர்த்தகிரி கூடத்தில் காத்திருந்தார். அவள் அழுவாள் என்றுகூட எதிர்பார்த்தார்.

"இத எப்ப கட்டுனீங்க?"

"மார்கழி பொறந்தப்ப. உன் ஒசரத்துக்குன்னு கட்டச் சொன்னன். சரியா இருக்குதா பாரு."

அவள் மேடையில் கைவைத்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

"இத்தன நாளா எப்டிச் சாப்பிட்டீங்க?"

"சென்னம்மா குடுத்தனுப்புது. சில நாளு கடையில வாங்கியாரச் சொல்லுவன். அதான் நீ வந்துட்டியே இனிமே."

"இனிமேன்னா?"

"இனிமேன்னா இனிமேதான். புள்ளைக்கு ரெண்டு வயசாவப் போவுது. அவங்க பாத்துக்குவாங்க."

அமுதவல்லி அவருக்கு எதிரே வந்து நின்றாள். உட்காரவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"அன்னிக்கு நான் நிக்க எடமில்லாம ஒரு வூட்டைக் கட்டுனீங்க. இன்னிக்கு நான் போவ வழியில்லாம இதைக் கட்டி வெச்சிருக்கீங்க. ரெண்டு தடவையும் என்னை ஒரு வார்த்தை கேக்கலை."

"உனக்காகத்தான் அமுதா இடிச்சன்..."

"எனக்காக இடிக்கலீங்க. நீங்க பட்டினி கெடந்தா நான் போவ மாட்டன்னு தெரியும். அதுக்காக இடிச்சீங்க."

முழுக்க அது உண்மையில்லை. ஆனால் எத்தனை பங்கு உண்மை என்று அவருக்கே கணக்குத் தெரியவில்லை.

"அதியமான்கோட்டை வூட்ல ரெண்டு பேரும் இருந்திருக்கலாம்" என்றாள். "கதவை மட்டும் இடிச்சிருந்தா போதும்."

"அந்தக் கதவுல நான் மாட்டிக்கிட்டது உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அன்னிக்கு வாயத் தொறக்காம வந்தது அதனாலதான். அதுவும் என் தப்பு."

பொங்கலன்றைக்கு அந்த உயர்ந்த மேடையில் நின்று அவள் பொங்கல் வைத்தாள், மொச்சைக் குழம்பு வைத்தாள். தீர்த்தகிரி வாசற்பக்கம் நாற்காலியில் இருந்தார். பால் பொங்கியதை அவளாகச் சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். உப்பு போதுமா என்று கேட்டாள். போதும் என்றார்.

கரிநாள் கழிந்ததும் அவளே சென்னப்பனுக்குப் போன் போட்டாள். அவன் வந்ததும், பழையபடி இரண்டேகால் அடிக்கு இறக்கிவிடு என்றாள். சென்னப்பன் தீர்த்தகிரியின் முகத்தைப் பார்த்தான். அவர் நாற்காலியை நகர்த்தி அவனுக்கு வழிவிட்டார். இரண்டு நாள் வேலை நடந்தது. அவள் பக்கத்திலேயே நின்று, முட்டி நுழைகிற இடம், குழாய்த் திருகு, மிளகாய்த்தூள் டப்பா வைக்கிற தட்டு என்று ஒவ்வொன்றையும் அவரை வரச் சொல்லி, நாற்காலியை உள்ளே விட்டு, கை நீட்டச் சொல்லிச் சரிபார்த்தாள்.

"எட்டுதுங்களா?"

"எட்டுது."

"இன்னும் ஒரு விரக்கடை எறக்கட்டுமா?"

"வேணாம்."

இடிக்கும்போது சிதறிய செங்கல் தூளைக் கூட்டி அள்ளிக் கொட்டினாள். சிமெண்ட் இறுக இன்னும் இரண்டு நாள் ஆகும், அதுவரைக்கும் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்று சென்னப்பன் சொல்லிவிட்டுப் போனான். அந்த இரண்டு நாள் சோற்றுக்குச் சென்னம்மாளிடம் சொல்லி வைத்தாள். அவருடைய மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு என்று பிரித்து டப்பாக்களில் போட்டாள்.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் போக ஆட்டோ வந்தது. பையை எடுத்துக்கொண்டு வந்தவள் அவர் தோளில் ஒரு நிமிஷம் கைவைத்தாள்.

"வரட்டுங்களா?"

"அடுத்தது எப்ப?"

"பாக்கலாம். போன் பண்றன்."

படியில்லாத அந்த வாசல் வழியாக அவள் வேகமாக வெளியேறினாள். அவளைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை. ஆட்டோ மேட்டுக்காட்டுத் தடத்தில் குலுங்கிக்கொண்டு போய்த் தார் ரோட்டில் ஏறியது. தீர்த்தகிரி சமையலறைக்கு உருட்டிப் போனார். சிமெண்ட் இன்னும் ஈரமாக இருந்தது. அதன் ஓரத்தில் விரல் நகத்தால் அழுத்திப் பார்த்தார், பள்ளம் விழுந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்துச் சமன்படுத்திவிட்டு, சென்னம்மாள் சோறு கொண்டுவரும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.