எத்தனை தடவை கத்தியது

பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது. பிரஸ்காரர் தன் மச்சானுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி. மச்சான் வெல்டர். சண்டைப் போட்டிக்கென்று இருவரும் சேர்ந்து இரும்பில் ஒரு ரோபோ செய்திருந்தார்கள். தரையோடு தரையாக ஓடுவதால் அதற்குப் பெருச்சாளி என்று பேர். போன போட்டியில் எதிராளி இடித்த இடியில் இரண்டு சக்கரத்துக்கும் வேகம் கொடுக்கிற கன்ட்ரோலர்கள் புகைந்து கருகிப்போயின. இந்தத் தடவை பெரிதாகவே வாங்குவோம் என்று மச்சான் கைக்காசைப் போட்டார். பாதி உன் பங்கு, ஜெயித்தால் பரிசில் கழித்துக்கொள்ளலாம் என்றார். வயரிங் எப்போதும் பிரஸ்காரர் பொறுப்பு. வாரம் ஆறு நாள் மேஸ்திரியிடம் ஏச்சு வாங்குகிறவருக்கு, ஞாயிற்றுக்கிழமை மச்சானின் ஷெட்டில்தான் ஓர் ஆள் என்ற மரியாதை இருந்தது.

புதுக் கன்ட்ரோலருக்குத் திரையும் இல்லை, பட்டனும் இல்லை. சொல்ல வேண்டியதை மோட்டார் வழியாகக் கத்தியே சொல்லும். ஒரு தடவை கத்தியதும் ரிமோட் குச்சியை இறக்கினால், சார்ஜ் குறையும்போது பேட்டரியைக் காப்பாற்ற மோட்டாரை நிறுத்திவிடும். இரண்டு தடவை கத்தியதும் இறக்கினால், பேட்டரி செத்தாலும் சரியென்று ஓடும். சண்டைக்கு இரண்டுதான் வேண்டும். பதினேழு வருஷம் கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் மிஷின் பக்கத்தில் நின்ற காதுக்கு அந்தக் கீச்சுச் சத்தம் எட்டவேயில்லை. எதிரே நின்று பேசினால் வாயைப் பார்த்துச் சமாளித்துவிடுவார். கம்பெனியில் காது சோதிக்கும்போதுகூட, சோதிக்கிறவர் பொத்தானை அழுத்துகிற விரலைப் பார்த்துக் கை தூக்கித் தப்பித்து வருகிறவர். மோட்டார் மேல் விரலை வைத்து அதிர்வை எண்ணினார். வலது சக்கரம் இரண்டு. இடதில்தான் சந்தேகம், விரலும் மரத்த விரல். இரண்டுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டு மூடியைத் திருகிவிட்டார்.

போட்டியில் பெருச்சாளி எதிராளியின் மூடியைப் பிய்த்து எறிந்தது. இன்னும் அரை நிமிஷம் தாக்குப்பிடித்தால் போதும். அப்போது இடது சக்கரம் நின்றது. வலது மட்டும் ஓட, பெருச்சாளி நின்ற இடத்திலேயே தன்னைத் தானே சுற்றியது. கூட்டம் சிரித்தது. விழுந்தால் தோல்வி என்கிற ஓரத்துக் குழிக்குள் எதிராளி அதை அவசரமில்லாமல் தள்ளினான்.

மச்சான் அங்கேயே ஒரு மேசையில் வைத்துப் பிரித்தார்.

"கருகல. அதுவா நின்னிருக்கு. எத்தனையில வெச்ச?"

"ரெண்டுலதான் மச்சான்."

மச்சான் கழற்றிய மூடியை நடுவில் நிறுத்தி, அதற்குப் பின்னால் கையை விட்டார்.

"இப்ப சொல்லு. எத்தனை தடவை கத்துச்சு?"

பிரஸ்காரர் மச்சானின் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"ரெண்டு."

மச்சான் மூடியை எடுத்தார். பேட்டரி வயர் எதிலும் சொருகாமல் அவர் கையிலேயே இருந்தது.

"எத்தனை வருஷமா?"

"அஞ்சாறு."

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"அவ பேசுறது செவிடனுக்கும் கேக்குமே மச்சான்."

மச்சான் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து கணக்குச் சீட்டை எடுத்து, அந்தத் தொகையைக் குறுக்கே அடித்தார்.

"மாசம் ஆயிரமாக் குடுத்துடுறேன் மச்சான். கணக்கு அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"வேணாம் மாப்ள. நீங்க ஒண்ணும் தர வேணாம்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் 'நீ' என்றுதான் கூப்பிட்டு வந்தார்.

பிறகு மச்சான் முதுகைக் காட்டிக் குனிந்து, சாமான்களைப் பெட்டியில் அடுக்கியபடி என்னவோ சொன்னார். வாய் தெரியவில்லை. மேசைமேல் கிடந்த இடது மோட்டாரில் விரலை வைத்தபடி, "சரி மச்சான்" என்றார் பிரஸ்காரர்.