பதினேழாம் நம்பர் காப்பி

படங்களுக்கு சப்டைட்டில் எழுதுவது அவள் தொழில். படம் வெளியாகும் முன்பே ஒரு பிரதி அவள் கைக்கு வந்துவிடும். யாருக்கும் காட்டமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். பதினோரு வருடத்தில் இம்மியும் பிசகியதில்லை.

அண்ணன் பஸ் டிரைவர். காலை முறித்துக்கொண்டு இரண்டு மாதமாகக் கட்டிலில் கிடந்தான்.

"செவுத்தையே எத்தனை நாள்தான் பாக்குறது? புதுப் படம் ஒண்ணு குடேன்" என்று நச்சரித்தான். அவளுக்கு மனசு இளகிவிட்டது. பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாள்.

"உன்னைத் தாண்டிப் போகக்கூடாது, அண்ணா."

"நான் என்ன ஊருக்கா போட்டுக் காட்டப்போறேன்?"

நலம் விசாரிக்க வந்த கண்டக்டருக்கு மட்டும் கொடுத்தான். படம் வெளியாக இரண்டு நாள் இருக்கையில் அது இணையத்தில் ஓடியது.

போலீஸ் நேராக அவள் வீட்டுக்கு வந்தது. பெண் இன்ஸ்பெக்டர் லேப்டாப்பில் ஒரு காட்சியை நிறுத்திப் பெரிதாக்கினார். மூலையில் மங்கலாகப் பதினேழு என்ற எண்.

"இது உங்களுக்குக் கொடுத்த காப்பிதானே? நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்கு வந்து வாக்குமூலம் குடுங்க."

சேதி கேட்டு அண்ணி ஓடிவந்தாள். "கம்ப்யூட்டர்ல யாரோ புகுந்து திருடிட்டாங்கன்னு சொல்லிடு. அவருக்கு வேலை போயிடும்."

மறுநாள் ஸ்டேஷன் படியேறினால், உள்ளே பெஞ்சில் அண்ணன். பக்கத்தில் ஊன்றுகோல்.

"நானே சொல்லிட்டேன். நீ எதையாவது புளுகி வைக்காதே" என்றான். பிறகு தணிந்த குரலில், "பாதியிலேயே தூங்கிட்டேன். அந்தப் படத்துக்குத்தான் இத்தனை கூத்து."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "கொடுத்தது நான்தான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வழக்கு பதினான்கு மாதம் இழுத்தது. இணையத்தில் ஏற்றிய கண்டக்டருக்கு ஒரு வருடச் சிறை. அண்ணனுக்கு ஆறு மாதம், வேலையும் போயிற்று. அவளுக்கு அபராதம். படக் கம்பெனிகள் அவளைத் தலைமுழுகிவிட்டன. தொழிற்சாலைப் பாதுகாப்புப் படங்களுக்கு எழுதி நாளை ஓட்டினாள்.

அதற்குப் பிறகு அண்ணி அவள் முகத்திலேயே முழிக்கவில்லை. அண்ணன் விடுதலையாகும் அன்று காலை போன் அடித்தது.

"பத்து மணிக்கு விடுறாங்களாம்" என்றாள் அண்ணி. "காரை எடுத்துட்டு வா. தனியாப் போக எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"வந்துட்டேன் அண்ணி."